பாயிரமும் மீதரவும்

நன்னூலைக் கற்கும் மாணாக்கர் பாயிரப் பகுதியைத் தேர்வுக்கு வேண்டிய அளவிலே கற்று, எழுத்ததிகாரம் தொடங்கியதும் மறந்துவிடுதல் வழக்கம். ஆசிரியரும் அதனை வீட்டின் வாயிற்படி போலக் கருதி விரைந்து கடந்துவிடுவர். பதின்மூன்றாம் நூற்றாண்டினராகிய பவணந்தி முனிவர் வகுத்த அப்பகுதி, எண்ணிமக் கருவிகளால் ஆக்கப்படும் படம், ஒலி, காணொளி ஆகியவற்றைப் பேணுவோர் இந்நாளில் எதிர்ப்படும் இடர்ப்பாடொன்றைத் தெளிவாக நோக்குதற்குத் துணைசெய்யும் என்பதே ஈண்டு எடுத்துக்காட்டப்படுவது. பழந்தமிழர் கணினி நூலையும் அறிந்திருந்தனர் என்று பெருமை பேசுதல் கருத்தன்று. அத்தகைய பெருமையால் தமிழுக்கும் ஊதியமில்லை, கணினிக்கும் ஊதியமில்லை.

இடர்ப்பாடு யாதென முதற்கண் காணுதல் வேண்டும். கண்டியிலிருந்து மகியங்கனைக்குச் செல்லும் வீதியிலே, குண்டசாலைக்கு அப்பால் உள்ள ஊர் திகன. அப்பெயரைத் தமிழில் எழுதுவோர் சிலர் திகன என்பர். சிலர் திகண என்பர். ஆங்கில எழுத்தைப் பார்த்துப் பெயர்ப்போர் டிகன என்பர். அயலிலுள்ள ரஜவெல்ல, இராஜவெல்லை என்றும் வழங்கும். படிப்பவன் அவ்வூர் வழியாக ஒருமுறை பேருந்திற் சென்றவனாயினும் இவ்வேறுபாட்டால் மயங்கான். பொறியின் நிலை வேறு. எழுத்து வேறாயின் அதற்கு ஊரும் வேறே. திகன என்னும் சொல்லை இட்டுத் தேடுபவனுக்கு, டிகன என்று பெயரிட்டு வைக்கப்பட்ட ஒளிப்படம் இல்லாத பொருளாகும். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பெயரிடப்பட்டவை அவனுக்கு இன்னுந் தொலைவு. படம் அழியவில்லை, வைத்த இடத்தில் இருக்கின்றது, ஆயினும் வேண்டியவன் கைக்கு அஃது எட்டாது.

தரவொன்றைப் பற்றிய தரவு மீதரவு எனப்படும். படத்தை எடுத்தவர் யார், எடுத்த நாள் எது, காட்டப்படும் இடம் யாது, பயன்படுத்தும் உரிமை யாருடையது என்பன போன்ற விவரங்கள் அதனுள் அடங்கும். இவ்விவரங்கள் ஒரு நிறுவனத்தின் பொறியிலிருந்து மற்றொரு நிறுவனத்தின் பொறிக்குச் செல்லும்போது தம் பொருள் திரியாமற் சென்று சேர்தலை இயைந்தியங்கல் என்று கூறலாம். பத்திரிகை அலுவலகம் ஒன்று ‘இடம்’ என்று குறிப்பதும், ஆவணக் காப்பகம் ஒன்று ‘இடம்’ என்று குறிப்பதும் ஒரே பொருளினவோ என்னும் வினா சிறிதாகத் தோன்றும். பதிவுகள் இலட்சக் கணக்கிற் பெருகியபின் எல்லாக் குழப்பமும் அதனுள்ளிருந்தே கிளைக்கும்.

எழுத்தே இயையாத காலமும் ஒன்று இருந்தது. இலங்கையின் அச்சகங்கள் பலவற்றில் நெடுங்காலம் ஆண்ட பாமினி எழுத்துருவில் அமைத்த கட்டுரையை, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் உரோம எழுத்துக்களும் குறிகளும் பொருளின்றி நிரம்பிய பக்கமே தோன்றும். 1991 இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றிருந்தும், அதன் பயன் ஈழத்து எழுத்தாளர் மேசைக்கு வந்துசேரப் பல்லாண்டு சென்றது. எழுத்து இயைந்த பின்னரே பொருள் இயைதல் பற்றிய கவலை எழுந்தது எனலாம்.

அக்கவலை மேனாட்டில் முன்னரே எழுந்திருந்தது. 1995 ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவில், டப்ளின் என்னும் ஊரிற் கூடிய நூலகரும் கணினியறிஞரும், இணையத்திற் கிடக்கும் எப்பொருளையும் விவரித்தற்குப் போதிய சில உறுப்புக்களை வகுக்க முற்பட்டனர். அவை பின்னர் 15 உறுப்புக்களாக நிலைபெற்று, டப்ளின் கருவுறுப்புக்கள் எனப் பெயர்பெற்று, 2003 இல் அனைத்துலகத் தரமாகவும் ஏற்கப்பட்டன. டப்ளின் என்றதும் அயர்லாந்தின் தலைநகரை நினைப்போர் பலர். இஃது ஒஹையோ மாநிலத்துச் சிற்றூர். பெயர் மயக்கத்தைத் தீர்க்க வகுத்த முறையின் பெயரிலேயே ஒரு மயக்கம் அமைந்தது வேடிக்கையே.

இப் 15 உறுப்புக்களையும் நன்னூல் சிறப்புப்பாயிரத்துக்கு வேண்டுவனவாகக் கூறும் பொருள்களையும் அருகருகே வைத்து நோக்கின் ஒற்றுமை வியப்பளிக்கும். நூலின் பெயர், ஆக்கியோன், நுதலிய பொருள் ஆகியன இரண்டிலும் உள. நூல் எதன் வழி வந்தது என்பதைப் பவணந்தியார் கேட்கின்றார். டப்ளினார் மூலம் என்றும் தொடர்பு என்றும் அதனை இரண்டாக்கினர். யாப்பு என்பது ஆக்கத்தின் வடிவம் பற்றியது. அதுவும் அங்கு வேறு பெயரில் உண்டு. சிலர் கருத்தாகப் பின்னர்க் கூட்டப்படும் காலம், களன், காரணம் என்னும் மூன்றினுள் முதலாவது அங்கு நாள் என நிற்கின்றது. கேட்போர் என்பது டப்ளினாரின் 15 உறுப்புக்களுள் இல்லை. அக்குறை உணரப்பட்டுப் பின்னரே விரிவுப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. பயன் என்னும் உறுப்பு அங்குத் தனித்து இன்றும் இல்லை.

எனினும் ஒப்புமையை அளவுக்கு மேல் நீட்டுதல் ஆய்வாகாது. பாயிரம் மனிதர் படித்தற்கு ஆக்கப்பட்டது. அதனுட் பொதிந்த விவரத்தைப் பிரித்தெடுக்க உரையாசிரியர் வேண்டும். உரையாசிரியர் தம்முள் மாறுபடுதலும் உண்டு. தொல்காப்பியத்துக்குப் பனம்பாரனார் செய்த பாயிரம் எல்லையைக் கூறுகின்றது. அரங்கேறிய அவையைக் கூறுகின்றது. நூலைக் கேட்டாராய்ந்த அதங்கோட்டாசானையும் கூறுகின்றது. அவையை ஆண்ட பாண்டியனையோ சிறப்புப் பெயரொன்றாலே சுட்டிச் செல்கின்றது. அவன் யாவன் என்பதை நச்சினார்க்கினியர் ஒருவாறு கூற, பிற்கால ஆராய்ச்சியாளர் அதனை ஏற்றும் மறுத்தும் ஏடுகளை நிரப்பினர். ஔவையார் என்னும் ஒரு பெயரின்கீழ்ச் சங்கப் புலவரும் பின்வந்த நீதிநூல் ஆசிரியரும் சேர்ந்துகொண்டமையும் தமிழிலக்கிய வரலாறு கற்போர் அறிந்ததே. ஒரு பெயர் பலரைச் சுட்டலாம். பல பெயர் ஒருவரைச் சுட்டலாம். இதற்குப் பாயிரத்தில் மருந்தில்லை. டப்ளினார் வகுத்த அடையாளக் குறி என்னும் உறுப்பே அதற்கு மருந்து. பெயர் எவ்வாறு திரிந்தாலும் திரியாத எண்ணொன்றை ஆளுக்கும் ஊருக்கும் நூலுக்கும் இட்டுவிட்டால், திகன, திகண, டிகன என்னும் மூன்றும் அவ்வெண்ணின்கீழ் வந்து கூடும். 1999 இல் இணையக் கூட்டமைப்பு பரிந்துரைத்த வள விவரிப்பு முறையும், 2012 இல் தொடங்கிய விக்கித்தரவும் இவ்வடிப்படையில் எழுந்தவையே.

மலையக எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளையின் நிலை இதற்குத் தக்க சான்று. 1914 முதல் 1984 வரை வாழ்ந்த அவர் ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதினார். தோட்டத் தொழிலாளர் பாடல்களைத் தொகுத்தார். 1947 இற் பாராளுமன்றத்தில் அமர்ந்தார். ஒரு பட்டியல் தலையெழுத்தை முன்னிட்டும், மற்றொன்று பின்னிட்டும், ஆங்கிலப் பட்டியல் உரோம எழுத்திலும் அவர் பெயரைத் தரும். மலைநாட்டில் சி. வி. என்றாலே போதும், பொறிக்குப் போதாது. பேராதனைப் பல்கலைக்கழகத்திற் கற்பித்த சாசனவியல் அறிஞர் ஆ. வேலுப்பிள்ளையின் நூல்களும் அதே பட்டியலில் அருகே நிற்கும். தலையெழுத்தை விட்டுவிட்ட பதிவு ஒன்று இவருடையதை அவருக்கும் அவருடையதை இவருக்கும் உரித்தாக்கிவிடும். குடும்பப் பெயரின்றித் தந்தையின் பெயரெழுத்தைத் தலையிற் கொள்ளும் தமிழர் வழக்கு, குடும்பப் பெயரை முன்வைத்து வகுக்கப்பட்ட மேனாட்டுப் பட்டியல் முறைக்கு முழுதும் இயைவதன்று. இவ்விடத்தில் முறையைத் தமிழுக்கேற்ப வளைத்தலே தகும்.

தமிழ் எண்ணிமத் தொகுப்புக்கள் இவ்வகையில் எவ்வளவு நிறைவுடையன? 1998 இல் தொடங்கிய மதுரைத் திட்டம், ஒவ்வொரு மின்னூலின் தலைப்பிலும் தட்டெழுதினோர், பிழை திருத்தினோர் ஆகியோரை நன்றியுடன் குறிக்கின்றது. அது பாயிர மரபுக்கு மிக அணுகியது. அதன் குறையும் பாயிரத்தின் குறையே, விவரம் உரைநடையாய்க் கிடப்பதால் பொறி அதனைப் பிரித்தறிதல் அரிது. 2005 இல் தோன்றிய நூலகம் என்னும் ஈழத்து எண்ணிம நூலகம் ஒருபடி மேலே சென்று, நூலக எண், ஆசிரியர், நூல் வகை, மொழி, வெளியீட்டாளர், வெளியீட்டாண்டு, பக்கங்கள் எனக் கட்டமிட்ட விவரத்தைத் தருகின்றது. எண் தந்தமை போற்றத்தக்கது. ஆயின் அக்கட்டத்துள் எல்லை இல்லை, களன் இல்லை. யாழ்ப்பாணத்தில் அச்சிட்ட நூல் மலைநாட்டைப் பற்றியதாயின், அதனைக் கண்டி நோக்கித் தேடுபவன் அட்டையின் தலைப்பையே நம்பவேண்டியவனாகின்றான். அச்சுநூலுக்கு இது சிறு குறை. படத்துக்கும் காணொளிக்கும் இது பெருங்குறை. ஏனெனில் நூல் தன்னகத்தே தன் செய்தியைச் சொற்களாற் கொண்டிருக்கும், படமோ தன் ஊரைத் தானே சொல்லாது.

எல்லை வேறு, களன் வேறு எனப் பகுத்தமை பாயிர இலக்கணத்தின் நுட்பமான பகுதி. நூல் வழங்கும் நிலம் எல்லை. நூல் அரங்கேறிய இடம் களன். 1965 இல் இலண்டனில் நிறுவப்பட்ட அனைத்துலகப் பத்திரிகைத் தொலைத்தொடர்பு மன்றம், செய்திப் படங்களுக்கு வகுத்த விரிவுரையிலே, படம் எடுக்கப்பட்ட இடம் என்றும் படத்திற் காட்டப்படும் இடம் என்றும் இரண்டு உறுப்புக்களை வைத்தது. திகனயில் நின்று அணைநீருக்கு அப்பாலுள்ள மலையைப் படமெடுப்பவனின் கருவி, தான் நின்ற இடத்தின் ஆயத்தையே பொறிக்கும். மலையின் பெயரை மனிதனே எழுதவேண்டும். இவ்விரண்டையும் ஒன்றாக்கிய பட்டியலில் மலை ஊருக்குள் வந்துவிடும்.

தெல்தெனியவை நோக்குக. மகாவலியை மறித்துக் கட்டப்பட்ட விக்டோரியா அணை 1985 இல் திறக்கப்பட்டபோது பழைய தெல்தெனிய நகரம் நீர்த்தேக்கத்துள் அமிழ்ந்தது; அதே பெயருடன் புதிய நகரம் மேட்டில் எழுந்தது. பெயர் ஒன்று, ஊர் இரண்டு, இடையிலே காலம். 1985 க்கு முன் எடுக்கப்பட்ட கடைவீதிப் படமொன்றைத் தெல்தெனிய என்று மட்டும் குறித்து வைத்தால், பொறி அதனைப் புதிய நகரத்தின் ஆயத்திற் கொண்டுபோய் ஒட்டிவிடும். அந்தக் கடைவீதியில் நடந்தவர் அதைக் கண்டால் நகைப்பர். அவருக்குப் பின்வருவோர் நம்புவர். எல்லையைக் காலத்தோடு பிணித்துக் கூறாத மீதரவு, விவரமில்லாத நிலையினும் தீங்குடையது. தேயிலைத் தோட்டங்கள் பலவற்றுக்குத் துரைமார் இட்ட பெயர் ஒன்றும் தொழிலாளர் வாய்மொழியில் வழங்கும் பெயர் ஒன்றும் இருத்தலையும் இதனோடு எண்ணுதல் வேண்டும். அலுவலகப் பெயரால் தேடுவோன் தொழிலாளரின் பாட்டையும் கதையையும் காணான். பாட்டிலே வருவது அவர்கள் இட்ட பெயரே.

இவையெல்லாம் நூலகத்தாரின் பொழுதுபோக்கு விவகாரம் என்று தள்ளிவிடுவோர்க்கு 2018 மார்ச் மாதம் விடை கூறும். தெல்தெனியவில் தாக்குண்ட சிங்களச் சாரதி ஒருவர் இறந்ததையடுத்து, அம்மாதம் 4 ஆம், 5 ஆம் நாள்களிலே திகனயிலும் அயலூர்களிலும் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன, உயிரிழப்பும் நேர்ந்தது. 6 ஆம் நாள் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. 7 ஆம் நாள் அரசு சமூக வலைத்தளங்களைத் தடுத்து, ஒரு கிழமையளவின் பின்னரே தடையை நீக்கியது. தன் தளம் அக்காலத்தில் தவறாகப் பயன்பட்டமைக்கு முகநூல் நிறுவனம் 2020 மே மாதத்தில் வருத்தம் தெரிவித்தது. வெறுப்பை மூட்டியது மீதரவின் குறையன்று. அதற்கு வேறு வேர்கள் உள. ஆயினும் கைத்தொலைபேசிக்கு வந்த படம் எவ்வூரது, எந்நாளது, முன்னரே வேறிடத்தில் வெளிவந்ததோ என்று ஐயுற்ற ஒருவன், அதனை ஆராய்ந்தறிதற்கு ஏதும் இல்லாதிருந்தான். வட்ஸ்அப் போன்ற செயலிகள் படத்தைச் சுருக்கி அனுப்பும்போது கருவி பொறித்த நாளையும் ஆயத்தையும் களைந்துவிடுகின்றன. பாயிரம் கிழிக்கப்பட்ட ஏடு எவர் கையிலும் எந்நூலாகவும் ஆகிவிடும்.

களைவதற்கும் ஒரு நியாயம் உண்டு என்பதை மறைத்தல் நேர்மையாகாது. கலகக் காலத்தில், எரியும் கடையைத் தன் வீட்டுச் சாளரத்திலிருந்து படமெடுத்தவனின் ஆயம் படத்துள் இருந்தால் அஃது அவன் வீட்டுக்கு வழிகாட்டும். ஆகவே எல்லா விவரமும் எல்லார்க்கும் செல்லவேண்டும் என்னும் கொள்கை ஏற்கத்தக்கதன்று. எவ்விவரம் யாருக்குச் செல்லும் என்பதை வகுத்தலும் முறையின் ஒரு கூறே. பவணந்தியார் கேட்போரைத் தனிப்பொருளாகக் கொண்டமை இவ்விடத்தில் நினைக்கத்தகும்.

வழி என்னும் உறுப்பைப் பற்றி இன்னும் சிறிது கூறவேண்டும். முதனூல், வழிநூல் என்னும் பாகுபாட்டைத் தொல்காப்பியர் மரபியலிற் கூறி, வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், இரண்டுங் கலத்தல், மொழிபெயர்த்தல் என நான்காக்கினார். இற்றைநாட் காணொளிக்கு இந்நான்கும் அப்படியே பொருந்துகின்றன. ஒருமணிப் பதிவின் அரைநிமிடத்தை வெட்டி அனுப்புவது தொகுத்தல். பழைய காட்சிகளைச் சேர்த்து நீட்டுவது விரித்தல். ஒன்றை வெட்டி மற்றொன்றை ஒட்டுவது மூன்றாம் வகை. சிங்களப் பேச்சுக்குத் தமிழ் அடியெழுத்து இடுவது நான்காவது. வழிநூலாசிரியன் தன் முதனூலை மறைத்தல் கூடாது என்பதே மரபின் உயிர். வெட்டி அனுப்புவோன் மறைப்பதும் அதனையே. 2021 பெப்ரவரியில் அடோப், பிபிசி, மைக்ரோசொப்ட் முதலியோர் கூடி நிறுவிய உள்ளடக்க மூலம் பற்றிய கூட்டணி, படம் பிறந்தது முதல் அதிற் செய்யப்பட்ட மாற்றங்களை முத்திரையிட்டு உடன்செலுத்தும் தரமொன்றை வகுத்தது. முத்திரையும் களையப்படலாம். இருந்தும், முத்திரையுள்ள படத்தையும் இல்லாத படத்தையும் வேறுபடுத்திக் காணும் வாய்ப்பேனும் செய்தியாளர்க்குக் கிடைக்கின்றது.

பாயிரத்தை நூலாசிரியன் தானே செய்தல் பொருந்தாது. அவன் ஆசிரியனோ, உடன்கற்றோனோ, மாணாக்கனோ, தகுதியுள்ள உரைகாரனோ செய்தல் வேண்டும் என்பது நன்னூலார் கொள்கை. பனம்பாரனார் தொல்காப்பியரின் ஒருசாலை மாணாக்கர் என்பது மரபு. இக்கட்டளையை இணையம் முற்றாகக் கைவிட்டது. ஏற்றுபவனே தன் காணொளிக்குப் பெயரிடுகின்றான். தானே பொருட்சொற்களைக் குவிக்கின்றான். பார்வையாளரைக் கவர்தற்குத் தொடர்பில்லாத பெயர்களையும் சேர்க்கின்றான். 2001 இலே கனடிய எழுத்தாளர் கோரி டொக்டொரோ, மக்கள் பொய்யுரைப்பர், சோம்புவர், தம்மையே அறியார் என்று காரணங்காட்டி, மீதரவால் உலகம் ஒழுங்குபெறும் என்போரை எள்ளி நகையாடினார். அவர் கூற்றில் உண்மை மிகுதி. எனினும் அது தன்னைத்தானே விவரிப்போர்க்குப் பொருந்துமளவு, பிறன் ஆக்கத்தை விவரிக்கும் பொறுப்பேற்ற நூலகர்க்கும் ஆசிரியர்க்கும் பொருந்தாது. கல்லூரிகள் இதிற் செய்யத்தக்கது உண்டு.

மாசி மாதத்தில் மலைநாட்டுத் தோட்டங்களிற் காமன் கூத்து ஆடப்படுகின்றது. மாணாக்கன் ஒருவன் தன் கைத்தொலைபேசியால் அதனைப் பதிந்து, ‘காமன் 2’ என்று பெயரிட்டு வைக்கின்றான் என்க. பத்தாண்டு கழிந்தபின் அப்பதிவு யாருக்கு உதவும்? கூத்தைப் பழக்கிய வாத்தியார் யார், அவர் யாரிடம் கற்றார், எந்தத் தோட்டத்தின் எந்தப் பிரிவில் ஆடப்பட்டது, ரதியாகவும் மதனாகவும் வந்தோர் யாவர், தப்படித்தோர் யாவர், ஏட்டைப் பார்த்துப் பாடினரோ நினைவாற் பாடினரோ என்பன அவன் அருகிலிருந்தபோது கேட்டறியத்தக்கவை. காமன் எரிந்தான் என்றும் எரிந்திலன் என்றும் வழக்கிட்டுப் பாடும் இலாவணி மரபு தமிழகத்தில் உண்டு. மலைநாட்டுப் பாட்டில் அதன் சாயல் உளதோ எனத் தேட விழையும் ஆராய்ச்சியாளனுக்கு, வழி என்னும் ஒரு கட்டம் நிரப்பப்பட்டிருந்தால் பாதித் தொல்லை நீங்கும். காரணம் என்னும் உறுப்பு இவ்விடத்திலே தன் மதிப்பைக் காட்டுகின்றது. நேர்த்திக்காக ஆடியதோ, விழாவுக்கு வந்த விருந்தினர் காண ஆடியதோ என்பதைப் பொறுத்துக் கூத்தின் நீளமும் மாறும், பாட்டும் மாறும். டப்ளினார் பட்டியலில் இதற்கென இடமில்லாமையால், விவரணம் என்னும் பொதுக்கட்டத்துள்ளே அதனை எழுதிவைப்பதே இப்போதைக்கு இயல்வது.

எழுதிவைத்தற்கு வேண்டிய கருவி பெரிதன்று. ஓர் அட்டவணையும், பொதுவில் ஒப்புக்கொண்ட உறுப்புப் பெயர்களும், ஊருக்கும் ஆளுக்கும் உரிய எண்களும் போதும். கோடை நீண்டு விக்டோரியா நீர்த்தேக்கம் வற்றும்போது பழைய தெல்தெனியவின் இடிபாடுகள் வெளித்தோன்றுவதுண்டு. காண வருவோர் படமெடுத்துத் தெல்தெனிய என்று பெயரிட்டு ஏற்றுகின்றனர். அப்படங்களின் ஆயத்தைத் தேசப்படத்தில் இட்டுப் பார்ப்போர்க்கு அங்கே நீர் ஒன்றே தெரியும்.